கதைக்கு விலை கொடுக்கலாமா?



சென்ற மாதம் என் முன்னாள் மாணவர் ஒருவரிடமிருந்து புலனத்தில் ஒரு செய்தி வந்தது. ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்றவர். இன்று அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றுப் பொறியாளராகப் பணியாற்றுகின்றார்.

“ஐயா, பழைய செருமானியக் கைத்துப்பாக்கி ஒன்று விலைக்கு வருகின்றது. லூகர் வகை. விற்பவரின் தாத்தா 1945இல் போர்முனையிலிருந்து கொண்டு வந்தாராம். 2,800 டாலர் கேட்கின்றார். வாங்கலாமா?” என்று வினவி, ஒன்பது படங்களையும் அனுப்பியிருந்தார்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் உரிமம் இன்றிச் சுடுகருவி வைத்திருப்பது சிறைக்கும் பிரம்படிக்கும் உரிய குற்றம். நான் அதைக் கையால் தொட்டதும் இல்லை. ஆனால், வகுப்பில் உலகப் போர்க் கதைகளைச் சுவைபடச் சொல்லி அவருக்கு அந்த ஆர்வத்தை ஊட்டியவன் நான்தான். ஆகவே, நான்கு இரவுகள் விழித்திருந்து படித்தேன். அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன். இது துப்பாக்கியைப் பற்றியது மட்டுமன்று என்பதை இறுதியில் உணர்வீர்கள்.

முதலில் பெயர். கியோர்க் லூகர் என்பவர், ஊகோ போர்கார்ட் உருவாக்கிய பழைய வடிவத்தைத் திருத்தி இந்தத் துப்பாக்கியை அமைத்தார். 1900இல் சுவிட்சர்லாந்துப் படையும், 1904இல் செருமானியக் கடற்படையும், 1908இல் செருமானியத் தரைப்படையும் இதனை ஏற்றுக்கொண்டன. மௌசர் நிறுவனம் 1942இல் படைக்கான உற்பத்தியை நிறுத்தும் வரை பெருந்தொகையில் இது செய்யப்பட்டது. எனவே, பழையது என்பதனாலேயே அரியது என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமும் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றையே தொன்மைப் பொருளாகக் கருதுகின்றது. லூகர் அதில் அடங்காது. வாங்குவோர் சாதாரணத் துப்பாக்கிக்குரிய சட்ட நடைமுறைகளை முதலில் கேட்டறிய வேண்டும்.

அடுத்து எண்கள். படைக்காகச் செய்த லூகரில் சட்டகம், குழல் முதலிய பெரிய உறுப்புகளில் முழு எண்ணும், சிறிய உறுப்புகள் பலவற்றில் கடைசி இரண்டு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால், அது தொழிற்சாலையிலிருந்து வந்த உறுப்புகளோடு இருக்கின்றது என்பதற்கு நல்ல சான்று. பொருந்தாவிட்டால் விலை பெரிதும் சரியும். தோட்டாப் பேழையின் அடியிலும் அதே எண் இருந்தால் மதிப்பு மேலும் உயரும்.

ஆண்டையும் கவனித்துப் படிக்க வேண்டும். குழலின் பின்பகுதி மேல் 1920 என்று இருந்தால், 1920இல் செய்தது என்று பொருளன்று. முதல் உலகப் போருக்குப் பின் செருமானிய அரசு தன் உடைமை என்று காட்டப் பழைய துப்பாக்கிகளில் அந்த ஆண்டைக் குத்தியது. ஒரே துப்பாக்கியில் இரண்டு ஆண்டுகள் இருப்பதும் உண்டு.

மூன்றாவது, மேற்பூச்சு. புதியவர்கள் பளபளப்பைக் கண்டு மயங்குவர். தேர்ந்தவர்களோ தேய்ந்த பழைய நிறத்தையே விரும்புவர். மெருகேற்றி மறுபடியும் நிறமூட்டினால் எழுத்துகளின் கூர்மை மழுங்கும், விளிம்புகள் உருளும், மதிப்பும் குறையும். அழகாக்க எண்ணிப் பொருளைக் கெடுத்தவர் பலர்!

நான்காவது, விலை. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த விற்பனைகளில் அதே தொழிற்சாலை, அதே ஆண்டு, அதே நிலையில் உள்ளவற்றைத் தேடி ஒப்பிட வேண்டும். ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் செலுத்தும் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவற்றை அறிந்தபின் மாணவரின் படங்களை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே 1917 என்று இருந்தது. சில உறுப்புகளில் 64, சிலவற்றில் 27. நிறமோ எங்கும் ஒரே கருமை. எட்டாவது படத்தில், குழலின் அடியில், மிகச் சிறிய ஆங்கில எழுத்துகளில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் பெயரும் ஊரும்!

அந்தச் சிறு எழுத்துகள் கதையை முடித்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து துப்பாக்கியைக் கொணரும் வணிகர் தம் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதி. 1945இல் போர்வீரரின் பையில் வந்த பொருளில் அந்த முத்திரை எப்படி இருக்கும்? இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய லூகர்கள் பல, உறுப்புகள் கலந்து பழுதுபார்க்கப்பட்டு, நிறமூட்டப்பட்டு, பனிப்போருக்குப் பின் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. இதுவும் அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்று எழுதினேன்.

விற்பவர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. அவர் தந்தை சொன்னதை அவர் நம்பியிருக்கலாம். ஆயினும், பொருந்தாத எண்களுக்குரிய விலையை மாணவர் சொன்னபோது அவர் இணங்கவில்லை. மாணவர் வாங்காமல் திரும்பினார். ‘எதை வாங்கினாலும், அது குண்டு நிரம்பியது என்றே கருதிக் கையாளுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்’ என்றும் எழுதியிருந்தேன். அதற்கு நன்றி கூறிவிட்டு, “வருத்தமாகத்தான் இருக்கின்றது ஐயா. கதை மிக நன்றாக இருந்தது” என்று முடித்திருந்தார்.

அந்த வரி என்னைச் சுட்டது. ஏனெனில், கதை நன்றாக இருந்தால் போதும் என்று அவருக்குக் கற்பித்தவன் நான்தானே? சயாம் மரண இரயில்பாதையைப் பற்றி நான் வகுப்பில் சொன்னவற்றுள் சில நூலில் படித்தவை. சில தாத்தா சொல்லக் கேட்டவை. எது எது என்று நான் ஒருநாளும் பிரித்துச் சொன்னதில்லை. மாணவர்களும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேனா என்பதும் ஐயமே! அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்கியிருப்பேன்.

நம் வகுப்பறைகளில் கதை கேட்கும் பழக்கம் நன்றாக வளர்ந்துள்ளது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று பணிவுடன் கேட்கும் பழக்கம் வளரவில்லை. அப்படி வளர்ந்த பிள்ளை நாளை வீட்டுமனை வாங்கும்போதும், முதலீட்டுத் திட்டத்தில் பணம் போடும்போதும், புலனத்தில் வரும் செய்தியை நம்பும்போதும் ஏமாறும். 2,800 டாலர் அவற்றுள் சிறிய தொகை.

சென்ற வாரம் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டு வரச் சொன்னேன். தாளில் இரண்டு கட்டங்கள்: ‘நான் பார்ப்பது’, ‘நான் கேட்டது’. சப்பானியர் காலத்து வாழைமர நோட்டு ஒன்றைக் கொண்டு வந்த மாணவி, இரண்டாம் கட்டத்தை நிரப்பிவிட்டு, முதல் கட்டத்திற்காக அந்த நோட்டை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பொருள் இருக்கும். இந்த வார இறுதியில் அதைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். கதையைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். உங்கள் கருத்துகளை அறிய ஆவலுடன் காத்திருக்கின்றேன்.