அழியாத ஆட்டத்தில் ஒரு கேள்விக்குறி

எங்கள் பள்ளியில் புதன்கிழமை பிற்பகல் புறப்பாட நடவடிக்கை நேரம். சதுரங்கக் கழகத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியர். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் சேர்ந்ததும் முதல் வேலையாக ஓர் ஆட்டத்தைப் பலகையில் நகர்த்திக் காட்டுவேன். 1851ஆம் ஆண்டு லண்டனில் அடோல்ஃப் ஆண்டர்சனும் லியோனல் கீசெரிட்ஸ்கியும் ஆடிய ஆட்டம் அது. உலகம் அதை ‘அழியாத ஆட்டம்’ என்று அழைக்கிறது. “இதில் ஒரு குறைகூடக் காண முடியாது” என்று சொல்லித்தான் தொடங்குவேன்.

இவ்வாண்டும் அப்படியே சொன்னேன். அடுத்த புதன்கிழமை படிவம் இரண்டு மாணவன் ஒருவன் வந்து நின்றான். “சார், வீட்டுல கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். வெள்ளையோட 18ஆவது நகர்வு தப்புன்னு காட்டுது.”

அவன் சொன்னது சரிதான். நான்தான் ஏழெட்டு ஆண்டுகளாகத் தவறாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால், “ஏன் தப்பு?” என்று கேட்டபோது அவனிடமும் பதில் இல்லை. “தெரியல சார். அப்படித்தான் காட்டுது.”

நான் புத்தகத்தை நம்பினேன். அவன் திரையை நம்பினான். எதிரில் இருந்த பலகையை இருவருமே சரியாகப் பார்க்கவில்லை. அறிவியல் வகுப்பிலும் அன்றாடம் நடப்பது இதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

லண்டனில் நடந்தது என்ன?

1851இல் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. அதையொட்டி முதல் அனைத்துலகச் சதுரங்கப் போட்டியும் நடந்தது. ஆண்டர்சன் பிரெஸ்லாவ் நகரத்துக் கணித ஆசிரியர். அந்நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. கீசெரிட்ஸ்கி இன்றைய எஸ்தோனியாவில் பிறந்தவர். அவரும் முதலில் கணித ஆசிரியர்; பிறகு பாரிஸ் காபிக்கடை ஒன்றில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். ஜூன் 21ஆம் தேதி, போட்டி ஆட்டங்களுக்கு இடையே, ஸ்ட்ராண்ட் சாலையிலிருந்த சிம்ப்சன்ஸ் என்ற இடத்தில் இருவரும் பொழுதுபோக்காக ஆடினார்கள். பரிசும் இல்லை, புள்ளியும் இல்லை.

வெள்ளைக்காய் ஆண்டர்சனுக்கு. 23ஆவது நகர்வில் அவர் வென்றார். (கடைசி நகர்வுகளின் வரிசை பதிவுக்குப் பதிவு சற்று மாறும். பரவலாக அச்சாகும் வரிசையையே இங்கே பின்பற்றுகிறேன்.) வெல்வதற்குள் அவர் இழந்தவை: ராணி, இரண்டு கோட்டைகள், ஒரு மந்திரி, இரண்டு சிப்பாய்கள். கறுப்பு இழந்தது மூன்றே மூன்று சிப்பாய்கள்.

சதுரங்கம் பழகும் எல்லாருக்கும் காய்களின் மதிப்பு தெரியும். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, ராணிக்கு 9. அந்தக் கணக்கில் வெள்ளையின் இழப்பு 24 புள்ளி. கறுப்பின் இழப்பு 3 புள்ளி. எட்டு மடங்கு இழந்தவர் எப்படி வென்றார்?

கணக்கில் வராத இழப்பு

ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக் கணக்குப் போடுகிறோமே, காய்களின் மதிப்பும் அதைப் போன்றதுதான். பெரும்பாலும் உதவும், எல்லா இடத்திலும் போதாது. பலகையில் இன்னொரு செலவும் இருக்கிறது. அதுதான் நேரம்.

கறுப்பு ஆடிய 22 நகர்வுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் 8 நகர்வுகள் ராணிக்கே போயின. ராஜா பக்கத்துக் குதிரை வெளியே வந்து, ஓரத்துக்குப் போய், திரும்பி, 14ஆவது நகர்வில் புறப்பட்ட கட்டத்துக்கே வந்து சேர்ந்தது. நான்கு நகர்வு செலவு, பயன் சுழியம். அந்த நேரத்தில் கறுப்பின் பெரிய காய்களில் வெளியே நின்றது ராணி மட்டும்தான்.

இதற்கு வழி செய்தது வெள்ளையின் 11ஆவது நகர்வு. மந்திரி வெட்டுப்படும் நிலையில் இருந்தது. ஆண்டர்சன் அதைக் காப்பாற்றாமல் கோட்டையை நகர்த்தினார். கறுப்பு மந்திரியை வெட்டியது. வெள்ளைச் சிப்பாய்கள் முன்னேறி ராணியைத் துரத்தின. ராணி ஒளிய இடம் வேண்டுமென்றுதான் குதிரை வீடு திரும்பியது. மூன்று புள்ளியைக் கொடுத்து நேரத்தை வாங்கினார் ஆண்டர்சன்.

முடிவைப் பாருங்கள். கறுப்பின் ராணியும் ஒரு மந்திரியும் வெள்ளையின் முதல் வரிசையில் போய் நிற்கின்றன. இரண்டு கோட்டைகளும் இன்னொரு மந்திரியும் ஆட்டம் முழுவதும் அசையவே இல்லை. 21 புள்ளி லாபம் இருந்தும், ராஜாவுக்குப் பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லை.

19ஆவது நகர்வில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று இ5 கட்டத்துக்கு ஒரே ஓர் அடி வைத்தது. அந்த ஓர் அடியில், மூலைக்கோடு வழியாகத் தன் ராஜாவைக் காக்கத் திரும்பும் பாதை கறுப்பு ராணிக்கு அடைபட்டது. 22ஆவது நகர்வில் வெள்ளை தன் ராணியையே கொடுத்தது. கறுப்பு ராஜாவுக்கு முன்னிருந்த இ7 கட்டத்தைக் காத்து நின்றது அந்த ஒரு குதிரைதான். ராணியை வெட்ட அது நகர்ந்தது, கட்டம் காவலிழந்தது. மந்திரி அங்கே வந்து நிற்க, ஆட்டம் முடிந்தது. குதிரை ராணியை வெட்டாமல் குறுக்கே நின்றிருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

இருவகைப் பலி

ருடோல்ஃப் ஸ்பீல்மன் என்ற ஆட்டக்காரர் 1935இல் பலியிடும் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பலிகளை அவர் போலி, உண்மை என்று இரண்டாகப் பிரித்தார். கொடுத்தது நிச்சயம் திரும்பி வரும் என்று கணக்கிட்டுப் பார்த்துக் கொடுப்பது போலிப்பலி. முடிவு தெரியாமல் துணிந்து கொடுப்பதுதான் உண்மைப்பலி.

கூட்டமே கைதட்டும் ராணிப்பலி இந்தக் கணக்கில் போலி. அடுத்த நகர்வில் வெற்றி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. என் மாணவன் சுட்டிக்காட்டிய 18ஆவது நகர்வுதான் உண்மைப்பலி. வெள்ளையின் இரண்டு கோட்டைகளும் வெட்டுப்படும் நிலையில் இருந்தபோது, இரண்டையும் விட்டுவிட்டு மந்திரியை டி6 கட்டத்தில் வைத்தார் ஆண்டர்சன். முன்னது நிரூபணம், பின்னது கருதுகோள்.

கருதுகோள் என்றால் சோதிக்க வேண்டும். சோதித்தவர்களும் இருக்கிறார்கள். 1879இல் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் ஒரு மாற்றுவழி சொன்னார். கறுப்பு மந்திரியால் ஒரு கோட்டையை வெட்டியதற்குப் பதில், ராணியால் மூலைக்கோட்டையை முதலில் வெட்டி ‘செக்’ வைத்திருக்க வேண்டும்; வெள்ளை ராஜா நகர்ந்ததும் ராணி பி2 கட்டத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். அங்கிருந்து அது ராணி பக்கம் இருக்கும் ஒரு சிப்பாயை மிரட்டும். அதைக் காக்க வெள்ளை ஒரு நகர்வைச் செலவழிக்க நேரும். இ5 சிப்பாயின் அந்த ஓர் அடி தாமதமாகும். அதுவரை கறுப்பிடமிருந்து பறித்துக்கொண்டே வந்த நேரத்தை அந்த ஓரிடத்தில் வெள்ளை திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ‘ஏன் தப்பு?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

பின்னாளில் ஜெர்மன் கிராண்ட்மாஸ்டர் ராபர்ட் ஹூப்னரும், இவ்வளவு இழக்காமலே வெல்லக்கூடிய மூன்று நகர்வுகள் வெள்ளைக்கு இருந்தன என்று காட்டினார். ஸ்டைனிட்ஸ் கணினி இல்லாத காலத்தில், பலகையை மட்டும் பார்த்து இதைக் கண்டார் என்பது என்னை வெட்கப்பட வைக்கிறது.

திரை சொல்வதும் சொல்லாததும்

“கணினிக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிள்ளைகள் ஏன் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?” என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெப்பமானி 39 பாகை காட்டினால் காய்ச்சல் என்று தெரியும். டெங்கியா, சாதாரணக் காய்ச்சலா என்று அது சொல்லாது. சதுரங்கச் செயலி காட்டும் எண்ணும் அப்படிப்பட்டதுதான். காரணத்தைத் தேடும் வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது.

அறிவியல் கூடத்தில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தனக்குக் கிடைத்த அளவு புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், மாணவன் அதை அழித்துவிட்டுப் பக்கத்து மேசையின் அளவை எழுதிவிடுவான். விடை சரியாகிவிடும், பாடம் போய்விடும். அவனைக் குறைசொல்லிப் பயனில்லை. சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்து அந்தப் பழக்கத்தை வளர்த்தது நாங்கள்தான்.

அவர்களுக்கு நான் இப்போது கீசெரிட்ஸ்கியைக் காட்டுகிறேன். இவ்வளவு மோசமாகத் தோற்ற ஆட்டத்தை அவர் மறைக்கவில்லை. அதே 1851இல் தான் நடத்திய ‘லா ரெழான்ஸ்’ இதழில் தாமே வெளியிட்டார். அந்தப் பதிவு இல்லாவிட்டால், 1855இல் எர்ன்ஸ்ட் ஃபால்க்பீர் இதற்கு ‘அழியாத ஆட்டம்’ என்று பெயர் வைத்திருக்க முடியாது. ஸ்டைனிட்ஸ் சோதித்திருக்கவும் முடியாது.

குறை தெரிந்த பிறகு இந்த ஆட்டத்தின் அழகு குறைந்துவிட்டதா? எனக்குக் கூடியிருக்கிறது. ஆண்டர்சன் உறுதியில்லாத இடத்தில் துணிந்து அடியெடுத்து வைத்தார் என்பது இப்போதுதான் புரிகிறது.

அந்த மாணவனை அன்று வெளியே நிற்க வைக்கவில்லை; பலகைக்கு முன்னால் உட்கார வைத்தேன். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, 18ஆவது நகர்விலிருந்து காய்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். நாற்பது நிமிடம் கழித்து, “சார், ராணி திரும்பி வந்தா வெள்ளைக்கு ஒரு நகர்வு பத்தல!” என்று கத்தினான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

வீட்டில் சதுரங்கப் பலகை இருந்தால் நீங்களும் முயன்று பாருங்கள். 17ஆவது நகர்வோடு நிறுத்தி, நீங்கள் எதை நகர்த்துவீர்கள், ஏன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணினியைப் பிறகு திறக்கலாம்.

அடுத்த ஆண்டு புதிய மாணவர்கள் வரும்போதும் இதே ஆட்டத்தைத்தான் காட்டப் போகிறேன். தொடக்க வாக்கியத்தை மட்டும் மாற்றிவிட்டேன்: “இதில் ஒரு குறை இருக்கிறது. கண்டுபிடியுங்கள்.”