போகிப் புகை: பார்வைத் தூரம் காக்கத் தனித் திட்டம் கோரும் மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

அனுப்புநர்:
வாடகைக் கார் ஓட்டுநர் சங்கத்தினர்,
பல்லாவரம் – மீனம்பாக்கம் வட்டாரம்.



விடியற்காலை விமானத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது எங்கள் தொழில். போகியன்று மூன்று மணிக்குமேல் ஜி.எஸ்.டி. சாலையில், முன்னே போகும் லாரியின் பின்விளக்கு கிட்டே போனால்தான் தெரிகிறது. வைப்பர் போட்டால் கண்ணாடியில் கரும்பசை இழுபடுகிறது. 2018 போகியன்று விமானங்களே சென்னையில் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. மார்கழிக் கடைசியில் காற்று அசையாது. எழும் புகை மேலே போக வழியின்றி மூடுபனியோடு சேர்ந்து கெட்டியாகிவிடுகிறது. பனியைத் தடுக்க முடியாது, புகையைத் தடுக்கலாம்.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் ஆண்டுச் சராசரியைக் குறைப்பதையே இலக்காக வைத்திருக்கிறது. ஓர் இரவுப் புகை அந்த 365 நாள் கணக்கில் காணாமல் போய்விடும். ஆகவே மாநிலத் திட்டத்தில் பார்வைத் தூரத்துக்கென்றே தனிப் பகுதி வேண்டும். இதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

எரிக்க வேண்டாம் என்ற வேண்டுகோள் ஆண்டுதோறும் வருகிறது. பழைய பொருள்களை மாநகராட்சி வாங்கிக்கொள்வதும் நல்ல ஏற்பாடுதான். பாயும் துணியும் அதில் போய்விடும், டயர் போவதில்லை. அது பஞ்சர் கடை வாசலிலிருந்து தெருவுக்கு வருகிறது. மார்கழி பிறந்ததுமே அக்கடைகளில் கிடக்கும் டயர்களைக் கணக்கெடுத்து, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம் சேர்க்க வேண்டும். எங்கள் வண்டிகளில் கழற்றுவதை ஓரிடத்தில் சேர்த்துத் தர நாங்கள் தயார். குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தொகையை, வாசலில் பழம்பாயைக் கொளுத்தும் பாட்டியிடம் கேட்க வேண்டாம். டயரை அடுக்கி எரிக்கும் இடத்தில் கேளுங்கள்.

விமான நிலையத்தின் ஒருபுறம் சென்னை மாநகராட்சி, மறுபுறம் தாம்பரம் மாநகராட்சி. இரவு ரோந்து இரண்டுக்கும் பொதுவாகப் பம்மல், அனகாபுத்தூர்வரை செல்ல வேண்டும். ஓடுபாதை எத்தனை மீட்டர் தெரிகிறது என்று விமானிக்குக் கருவி சொல்கிறது. வெளியே சாலையில் எங்கள் கண்தான் கருவி. அந்த ஓடுபாதை அளவைப் போக்குவரத்துக் காவல்துறை மூலம் மணிக்கொருமுறை அறிவித்தால், வேகத்தைக் குறைப்போம், பயணியையும் முன்கூட்டியே கிளம்பச் சொல்வோம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கூட்டம் போட்டுப் பயனில்லை. ஐப்பசிக்குள் இரு மாநகராட்சிகளையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும், வானிலைத் துறையையும் அழைத்துப் பேசவும், அக்கூட்டத்தில் எங்கள் சங்கத்துக்கும் ஓர் இடம் தரவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்