மேல்தண்ணி பிள்ளைக்கு, அடிப்பருப்பு நமக்கு

போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் தட்டப்பயறுப் பொரியல் வைத்தார்கள். அப்பா மடியில் இருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தை அவர் இலைக்குள் கையை விட்டு அள்ளியது. சுற்றியிருந்த நாலு பெரியவர்கள் ஒரே குரலில் கத்தினார்கள்: "வேண்டாஞ்சாமி, வாயு!" கையைத் துடைத்துவிட்டு ஒரு கிரீம் பிஸ்கட்டைத் திணித்தார்கள். அழுகை நின்றது, பந்தி நகர்ந்தது. எனக்குத்தான் அடுத்த கவளம் இறங்கவில்லை.

பயறு வாயு, சின்ன வயிற்றுக்குச் செரிக்காது, ரெண்டு வயது தாண்டட்டும், அதுவரை பருப்புத் தண்ணி போதும். படித்த வீடு, படிக்காத வீடு என்றில்லாமல் எல்லா வீட்டிலும் இதைக் கேட்கிறேன். இது தப்பு. பிள்ளையின் வயிற்றில் அடிக்கிற தப்பு.

பருப்புத் தண்ணியையே எடுத்துக்கொள்வோம். குக்கரைத் திறந்ததும் மேலே தெளிந்து நிற்பதைக் கரண்டியால் மொண்டு, சோற்றில் விட்டுப் பிசைந்து ஊட்டுகிறோம். அந்தத் தெளிவில் மஞ்சள் நிறம் உண்டு, வாசம் உண்டு, கொஞ்சம் கரைசல் உண்டு. புரதமும் இரும்புச் சத்தும் பெரும்பகுதி அடியில் குழைந்து கிடக்கின்றன. அந்த அடிப்பருப்பு சாம்பாராகி யார் தட்டுக்குப் போகிறது? வளர்ந்து முடிந்த நமக்கு. ஒரு சின்னக் கிண்ணம் கொள்ளும் வயிறு அது. அதைத் தண்ணியால் நிரப்பிவிட்டு, "பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது" என்று டாக்டரிடம் சத்து டானிக் கேட்கிறோம்.

வாயு பொய்யில்லை. பயற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. உடையாமல் பெருங்குடலுக்குப் போகும் அவற்றை அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. அப்போது வருவதுதான் காற்று. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நொதி ஒரு வயதிலும் இல்லை, அறுபது வயதிலும் இல்லை. அப்படியிருக்க, ரெண்டு வயது முடிந்ததும் எது வந்து சேரும் என்று காத்திருக்கிறோம்?

காத்திருப்பதால் வராதது ஊறவைத்தால் வரும். எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டினால் இந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும்; முளைகட்டினால் இன்னும் குறையும். நம் பாட்டிகளுக்கு ராஃபினோஸ் என்ற பேர் தெரியாது, வேலை தெரிந்திருந்தது. மார்கழி, தை மாதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பச்சை மொச்சையை ஊறவைத்து, ஒவ்வொரு கொட்டையாகத் தோல் பிதுக்கிக் குழம்பு வைப்பார்கள். பிதுக்குப் பருப்பு என்று அதற்குப் பேரே உண்டு. திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே பிதுக்குவார்கள். கொங்கு நாட்டில் பயறு வெந்ததும் மத்தை எடுத்துக் கடைந்தார்கள். இதெல்லாம் வாயு தெரிந்தவர்களின் சமையல். பக்குவத்தை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் சொத்தாக வாங்கிக்கொண்டது நாம்தான்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையில் பயப்பட வேண்டிய இடத்தில் நமக்குப் பயமே இல்லை. நவராத்திரிக்குக் கொலு வைத்த வீட்டில் முழுக் கொண்டைக்கடலையைத் தொன்னையோடு மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுத்து ஓடவிடுகிறோம். அது மூச்சுக்குழாயை அடைக்கும் அளவு உருண்டை. நாலு வயது வரை கடலையும் வேர்க்கடலையும் நசுக்காமல் கொடுக்கக் கூடாது. சரியாக வேகாத ராஜ்மாவில் நஞ்சே இருக்கிறது. நாலைந்து கொட்டை போதும், வாந்தி எடுக்கவைக்க. ஊறிய நீரை மாற்றிவிட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் அது அழியும். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பயற்றிலுள்ள பி1 வைட்டமினைத்தான் அந்தச் சோடா முதலில் தின்னும்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. பயறு ஒன்றே இதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முட்டை, மீன், ஈரல் சாப்பிடும் வீடுகள் அவற்றையும் கொடுக்கட்டும். ஆனால் வாரம் முழுக்க முட்டை வாங்க முடியாத வீட்டிலும் ஒரு கைப்பிடிப் பயறு இருக்கும். முப்பது கிராம் பச்சைப்பயற்றில் ஆறேழு கிராம் புரதம். ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளையின் ஒருநாள் தேவையில் ஏறக்குறைய பாதி. இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தால் இரும்புச் சத்தை உடம்பு கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு மேல் பயறு வகைகளை அடிக்கடி கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே 2023இல் எழுதிவிட்டது. நம் சத்துணவுக் கூடத்தில் பயறோ கொண்டைக்கடலையோ அவிப்பது அதற்கும் வெகு முந்திய வழக்கம்.

"யாருக்குங்க நேரம்?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தனியாக ஒன்றும் சமைக்க வேண்டியதில்லை. ராத்திரி படுக்கும் முன் பச்சைப்பயறு ஊறப்போட ஒரு நிமிஷம். காலையில் புதுத் தண்ணி, நாலு சின்ன வெங்காயம், ஒரு பல் பூண்டு, சீரகம், மஞ்சள் போட்டு நாலு விசில். மிளகாய் சேர்க்கும் முன் பிள்ளையின் பங்கை எடுத்து மத்தால் கடைந்து நெய் விட்டால் கடைசல் தயார். மீதியைத் தாளித்தால் பெரியவர்களுக்குத் தொட்டுக்கை. ஒரு வயதுக்குள் உப்பு வேண்டாம். முதல் நாள் ஒரு ஸ்பூன், நாலு நாள் கழித்து ரெண்டு. காற்றுப் போனால் போகட்டும். நமக்கெல்லாம் போகாததா? மலத்தில் ரத்தம், வயிறு கல்லாக வீங்குவது, எடை ஏறாமல் நிற்பது என்றால் டாக்டரிடம் போங்கள். பயற்றின் தலையில் பழியைப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

காதுகுத்து முடிந்த அடுத்த மாதம் அந்தக் குழந்தையின் அம்மா போன் செய்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அன்று பந்தியில் நான் சும்மா இருக்கவில்லை.

"அத்தை, பயறு ஊறவச்ச தண்ணியச் செடிக்கு ஊத்தலாங்களா?"

ஊத்தலாங்கண்ணு என்றேன்.