'வரமாட்டேன்' என்று சொல்லாமல்

பெங்களூர் அல்சூரில் மாலை ஆறு மணிக்கு ஆட்டோவை நிறுத்தி, "ஜெயநகர் வர்றீங்களா?" என்று தமிழில் கேட்டால், "வரமாட்டேன்" என்று பட்டென்று சொல்லும் டிரைவர் அபூர்வம். "காஸ் தீர்ந்துபோச்சு சார்" என்பார் ஒருவர். "திரும்பும்போது சவாரி கிடைக்காதே" என்பார் இன்னொருவர். "மெஜஸ்டிக்னா வரேன்", "இந்த நேரத்துலயா?", "பஸ்ஸுல போயிடுங்க சார்". கேள்விக்கு வேண்டியது ஆமாம் அல்லது இல்லை. வந்தவற்றில் இரண்டுமே கிடையாது. ஆனாலும் கேட்டவருக்குப் புரிந்துவிடுகிறது.

சொன்னதற்கும் சொல்ல வந்ததற்கும் உள்ள இந்த இடைவெளியை ஆராயும் துறையை மொழியியலார் 'பிராக்மாட்டிக்ஸ்' என்கிறார்கள். பிரிட்டிஷ் தத்துவவாதி பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் இதற்கு முக்கியமான அஸ்திவாரம். பேசுகிறவர் நம்மோடு ஒத்துழைக்கிறார் என்று நம்புவதால்தான் காஸுக்கும் ஜெயநகருக்கும் நாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. பதில் சற்று விலகினாலும் கேட்ட பொருளோடு ஒட்டியிருந்தால் தள்ள வேண்டியதில்லை என்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம். நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் பொருள் தருபவை. ஆட்டோக்காரர்களின் ஐந்து பதில்களும் இந்த ஐந்துக்குள் அடக்கம். (பவணந்தி முனிவரை நன்னூல் எழுதவைத்த சீயகங்கன், கங்க மரபுச் சிற்றரசன். கங்கர்களின் ஆதித் தலைநகர் கோலார், பெங்களூருக்குப் பக்கம்தான்.)

ஆனால் பட்டியல் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. "திரும்பும்போது சவாரி கிடைக்காதே" என்பது மறுப்பாகவும் இருக்கலாம், மீட்டருக்கு மேல் தருவீர்களா என்ற அழைப்பாகவும் இருக்கலாம். எது என்பதை நேரமும் குரலும்தான் சொல்லும். முப்பது நாளில் கன்னடம் கற்கப் புறப்படுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். சொல் தெரியும், பொருள் தெரியாது.

ஒரு ஆட்டோ போனால் இன்னொன்று வரும். ஆஸ்பத்திரியில் கதை வேறு. "வலி இருக்கா?" என்றால் "ராத்திரி பூரா உட்கார்ந்தேதான் இருந்தேன்" என்கிறார் ஒரு முதியவள். இது உற்றது உரைத்தல். டாக்டருக்குப் புரியும். "பரவாயில்லை" என்றால்தான் சிக்கல். கன்னடத்தின் 'பரவாகில்லா'வுக்கும் இதற்கும் வேர், 'பர்வா' என்ற பாரசீகச் சொல். வலி விட்டது என்றும் அர்த்தம், தாங்கிக்கொள்கிறேன் என்றும் அர்த்தம். படிவத்திலோ ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். "அம்மா எதுக்குமே இப்படித்தான் சொல்வாங்க டாக்டர்" என்று கூட வந்த மகள் குறுக்கிடாவிட்டால், பேனா இரண்டாவது கட்டத்துக்குத்தான் போகும்.