இல்லமும் வரவு செலவும்: கைப்பேசியின் விலையும் கண்ணில் படாத கட்டணங்களும்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் முன்னோர் சந்தையில் கண்டறிந்த உண்மை. பொருளின் விலையை மட்டும் பார்த்து மகிழ்பவன், அதை வீடு கொண்டு வந்து சேர்க்கும் செலவில் தோற்றுப் போவான் என்பதே அதன் கருத்து. இன்று நம் இல்லங்களுக்குள் நுழையும் பொருள்களில் இப்பழமொழிக்கு மிகவும் பொருந்துவது கைப்பேசியே.

மேல்மலையனூர் வட்டத்தில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கின் இரகசிய எண், எரிவாயு உருளைப் பதிவு, வெளியூரில் கட்டட வேலைக்குச் சென்றவரின் குரல் ஆகிய யாவும் அந்தச் சிறு கருவியின் வழியாகவே வருகின்றன. ஆகவே கைப்பேசி வாங்கலாமா, வேண்டாமா என்பது இப்போது கேள்வியன்று. செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ சென்று வாங்கி வரும் குடும்பம், கருவிக்குரிய விலையை மட்டும் கொடுத்துத் திரும்புகிறதா, அதற்கு மேலும் எதையேனும் இழந்து திரும்புகிறதா என்பதே நாம் எண்ண வேண்டியது.

அயல்நாட்டு வழக்கமும் நம் நாட்டு வழக்கமும்

அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனத்திடமே கருவியையும் தவணையில் வாங்குவது பெருவழக்கு. பழைய கருவியைக் கொடுத்துப் புதியதற்கு மாறும்போது, கருவியின் விலைக்கு மேலாக 30 டாலருக்கும் கூடுதலான தொகையை ‘மாற்றுக் கட்டணம்’ என அங்குள்ள பெரிய நிறுவனங்கள் வசூலிக்கின்றன. எந்த நிறுவனத்திற்கும் கட்டுப்படாத கருவியை முழு விலை கொடுத்து வெளியே வாங்கி, தம் சிம்மைத் தாமே பொருத்திக்கொள்வோர் பெரும்பாலும் இச்செலவிலிருந்து தப்பிவிடுகின்றனர். அங்கே குடியேறியுள்ள உறவினர் உடையோர் இதனை அவர்களுக்கு எழுதலாம்.

நம் நாட்டில் அப்படிப்பட்ட கட்டணம் பொதுவாக இல்லை. இங்கே கருவி ஒரு கடையிலும், இணைப்பு மற்றோர் இடத்திலுமாக வாங்கப்படுகின்றன. பழைய கருவியிலிருந்து சிம்மை எடுத்துப் புதியதில் பொருத்தினால் வேலை முடிந்தது. அதற்கு எவருக்கும் ஒரு காசும் தரவேண்டியதில்லை. 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி சேவை தொடங்கப்பட்ட போதும், ஏர்டெல், ஜியோ ஆகிய நிறுவனங்களின் 4ஜி சிம்களே 5ஜிக்கும் போதுமானவையாக இருந்தன. எனவே ‘5ஜி கருவி வாங்கினால் புது சிம் வாங்கியே ஆகவேண்டும்’ என்று எவரேனும் வற்புறுத்தினால், பணத்தை எடுக்குமுன் நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுக்கொள்வது நலம்.

ஆயினும் கருவியையும் இணைப்பையும் சேர்த்துக் கட்டி விற்கும் முயற்சிகள் நம் நாட்டிலும் நடந்துள்ளன. 2003 ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் நிறுவனம் 501 ரூபாயை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு கருவியையும் இணைப்பையும் சேர்த்துக் கொடுத்தது. மக்கள் திரண்டு வாங்கினர். ஆனால் அக்கருவியில் வேறு நிறுவனத்தின் இணைப்பைப் பொருத்த இயலாது. மாதந்தோறும் செலுத்த வேண்டிய தொகையும் தொடர்ந்து நின்றது. 501 ரூபாயை மட்டும் கண்ட பலர் பின்வந்த மாதங்களை எண்ணவில்லை. செலுத்தாதோரின் நிலுவை பெருகி, விற்ற நிறுவனமும் இடர்ப்பட்டது.

அண்மைக் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021 தீபாவளியை ஒட்டி வெளிவந்த ஜியோஃபோன் நெக்ஸ்ட் என்னும் கருவியின் ரொக்க விலை 6,499 ரூபாய். தவணையில் வாங்குவோர் 1,999 ரூபாய் முன்பணமும், 501 ரூபாய் நடைமுறைக் கட்டணமும் முதலில் செலுத்த வேண்டும். மிகக் குறைந்த தவணைத் திட்டத்தில், அதன்பின் 24 மாதங்கள் மாதம் 300 ரூபாய். கூட்டிப் பாருங்கள்: 1,999 + 501 + 7,200 = 9,700 ரூபாய். ரொக்க விலையைவிட இது 3,201 ரூபாய் அதிகம். நியாயமாகப் பேசுவோமானால், அந்த மாதத் தொகையில் 100 நிமிடப் பேச்சும் 5 ஜி.பி. இணையமும் அடங்கியிருந்தன. எனினும் நாள்தோறும் பாடம் பார்க்கும் மாணவர் உள்ள வீட்டுக்கு அந்த அளவு போதாது. தவணையையும் செலுத்தி, தனியே ரீசார்ஜும் செய்ய நேரும். தன் தேவை எவ்வளவு என்று அறிந்தவருக்கே சேர்த்துக் கட்டிய திட்டம் இலாபம் தரும்.

‘வட்டியே இல்லை’ என்னும் சொல்

இன்று கடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் வேறு. “ஐயா, ஆதாரும் வங்கிப் புத்தகமும் இருந்தால் போதும், வட்டி ஒரு காசும் இல்லை, மாதம் ஆயிரம்தான்” என்று கடைத் தம்பி பணிவோடு சொல்கிறார். அவர் சொல்வது பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. முழுமையானது என்றும் கொள்ள வேண்டாம்.

நம் ஊரார் வட்டியைச் சதவீதத்தில் கேட்பதில்லை. ‘நூற்றுக்கு எத்தனை ரூபாய்’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கணக்கிலேயே பார்ப்போம். கருவியின் விலை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 5,000, எஞ்சிய 10,000 ரூபாய்க்கு மாதம் 1,000 வீதம் 10 தவணை. வட்டி இல்லை. ஆனால் ‘கோப்புக் கட்டணம்’ 600 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 108 ரூபாய், ஆக 708 ரூபாய்.

பத்தாயிரம் ரூபாயும் பத்து மாதமும் நம் கையில் இருப்பதில்லை என்பதை மறக்கலாகாது. முதல் மாதம் 10,000, அடுத்த மாதம் 9,000 எனக் குறைந்து, கடைசி மாதம் 1,000 ரூபாய்தான் கடனாக நிற்கிறது. சராசரியாக நாம் பயன்படுத்திய கடன் 5,500 ரூபாயே. 5,500 ரூபாய்க்குப் பத்து மாதத்தில் 708 ரூபாய் கொடுத்தால், மாதம் நூற்றுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 29 காசு வட்டி ஆகிறது. அதே கடையில் ரொக்கமாக வாங்குவோருக்கு 500 ரூபாய் தள்ளுபடி கிடைக்குமானால், அதனையும் நாம் இழந்தோம். அப்போது வட்டி நூற்றுக்கு 2 ரூபாய் 20 காசு. ஊரில் இரண்டு வட்டிக்குக் கடன் வாங்க அஞ்சும் குடும்பம், அதனினும் கூடுதலான வட்டிக்கு வாங்கிய கடனை ‘வட்டியில்லாக் கடன்’ என்று மகிழ்ந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறது!

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட உண்மையன்று. கடன் அட்டைகளின் பேரில் நடந்த சுழிய வட்டித் தவணைத் திட்டங்களில் வட்டியானது கட்டணம் என்னும் வேடத்தில் மறைக்கப்படுகிறது என்றும், சுழிய வட்டி என்பதே இல்லாத ஒன்று என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 17 அன்றே வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. பின்னர் வந்த ‘கட்டணமில்லாத் தவணை’த் திட்டங்களில் வட்டி வெளிப்படையாகக் காட்டப்பட்டு, அதே தொகை தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. ஆயினும் கடன் அட்டைத் தவணையில் அந்த வட்டியின் மீதான ஜி.எஸ்.டி. வாங்குபவர் தலையிலேயே விழுகிறது.

கேட்க வேண்டிய காகிதம்

இதற்கு ஒரு நல்ல காப்பு இப்போது உண்டு. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தனியாருக்கு வழங்கப்படும் புதிய கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுத்தாக வேண்டும். வட்டியோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து, ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று அதில் காட்டவேண்டும். கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் அது இருத்தல் வேண்டும். அதில் குறிப்பிடாத கட்டணத்தை, கடன் பெற்றவரின் வெளிப்படையான இசைவின்றிப் பின்னர் வசூலிக்க இயலாது. ஆகவே கையொப்பம் இடுமுன்னும், இரகசிய எண்ணைச் சொல்லுமுன்னும், “தம்பி, அந்த அறிக்கையைக் காட்டுங்கள்” என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. தாய்மார்கள் தயங்காது கேட்கலாம்.

அடுத்து, பட்டியலில் ஓசையின்றி ஏறும் பொருள்களைக் கவனியுங்கள். கருவிக் காப்பீடு, கூடுதல் உத்தரவாதம், திரைக் கண்ணாடி, உறை முதலியன வேண்டுமெனில் வாங்கலாம்; கட்டாயம் எதுவுமில்லை. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரிகளும் அடங்கியது. கைப்பேசிகள் மீது 2020 ஏப்ரல் 1 முதல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உள்ளது மெய்யே, ஆனால் அச்சிட்ட விலைக்கு மேல் அதனைத் தனியே கேட்க எவருக்கும் உரிமையில்லை. இணையத்தில் வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், கடைசிப் படியில் கட்டணத்தை வெளிப்படுத்துவதும் மறைமுக ஏமாற்று முறைகள் என 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளில் தடுக்கப்பட்டுள்ளன.

தவணை நாளும் அறுவடை நாளும்

இதில் குடும்பத்தைத் தாக்கும் பெரிய இடர் ஒன்றுண்டு. நகரத்தில் மாதச் சம்பளம் பெறுவோரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது தவணைத் திட்டம். நம் பகுதியிலோ நிலக்கடலையை அவலூர்பேட்டை விற்பனைக்கூடத்தில் போட்ட பின்புதான் கையில் பணம் புரளும். தவணை நாள் அறுவடைக்காகக் காத்திராது. அந்நாளில் வங்கிக் கணக்கில் தொகை இல்லையெனில், நிதி நிறுவனம் ஒரு கட்டணமும், வங்கி ஒரு கட்டணமும் விதிக்கும். 1,000 ரூபாய்த் தவணைக்காகப் பல நூறு ரூபாய் தண்டம் செலுத்தும் நிலை வரும்.

தண்டத்தோடும் அது நில்லாது. தவறிய தவணை கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஏறிவிடும். நாளை மகளின் செவிலியர் படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும் தந்தை, என்றோ விட்ட ஒரு கைப்பேசித் தவணை தம் விண்ணப்பத்தின் குறுக்கே நிற்பதைக் காண நேரலாம். ஆகவே தவணையில்தான் வாங்கவேண்டும் என்ற நிலையில், பால் பணம் போன்ற நிலையான வரவு எந்தக் கணக்குக்கு வருகிறதோ அந்தக் கணக்கையே கொடுங்கள். வரவு நாளுக்குப் பிந்திய தேதியைத் தவணை நாளாகக் கேளுங்கள். ஒரு தவணைக்குரிய தொகையை எப்போதும் கணக்கில் விட்டு வையுங்கள்.

அவசரமில்லாத குடும்பத்துக்கு இதனினும் நல்ல வழி, தவணையை வாங்குமுன்பே செலுத்தத் தொடங்குவது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலோ மகளிர் குழுச் சேமிப்பிலோ மாதம் 1,000 ரூபாய் சேர்த்து வந்தால், பத்து மாதத்தில் ரொக்கத்தோடு கடைக்குப் போகலாம். அதற்குள் அந்தக் கருவியின் விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

பழைய கருவியை மற்றவரிடம் வாங்குவதும் சிக்கனமே. ஆனால் அதில் *#06# என அழுத்தி, தோன்றும் 15 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முறையான கருவியா, தடை செய்யப்பட்டதா என்று விடை வரும்.

நிறுவனத்தை மாற்ற விரும்புவோர்க்கு

புதுக் கருவி வாங்கும்போதே இணைப்பு நிறுவனத்தையும் மாற்ற எண்ணுவோர் எண்ணை இழக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் இவ்வசதி உள்ளது. ‘போர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அடித்து, இடம் விட்டுத் தம் எண்ணையும் சேர்த்து 1900 என்ற எண்ணுக்கு அனுப்பினால் குறியீடு ஒன்று வரும். நம் மாநிலத்தில் அது நான்கு நாள் செல்லும். இம்மாற்றத்துக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த கட்டணம் 6 ரூபாய் 46 காசு மட்டுமே. நூறும் இருநூறும் கேட்போரிடம் எதற்கென்று விளக்கம் கேளுங்கள். சிம் பழுதாகி மாற்று சிம் பெற்றவர்கள், 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள விதிப்படி ஏழு நாள் கழித்தே நிறுவனம் மாற முடியும். மாற்று சிம் பெற்ற பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது என்பதால், வங்கி வேலைகளை முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏமாற்றப்பட்டால், இரசீதே உங்கள் ஆயுதம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உள்ளது. 5 இலட்சம் ரூபாய் வரையிலான பொருள் பற்றிய முறையீட்டுக்குக் கட்டணமே இல்லை.

வாசக அன்பர்களே! கடைக்குச் செல்லுமுன் ஒரு மாலைப் பொழுதில் குடும்பத்தார் யாவரும் கூடி அமர்ந்து, ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: ரொக்க விலை எவ்வளவு, தவணையில் கடைசிக் காசு வரை சேர்த்து எவ்வளவு, இரண்டுக்கும் வேறுபாடு எவ்வளவு. கூட்டல் கணக்கைக் கல்லூரி செல்லும் பிள்ளையே போடட்டும். தனக்காக வாங்கும் பொருளுக்கு வீடு என்ன விலை கொடுக்கிறது என்று அப்பிள்ளை தன் கையாலேயே எழுதி அறிந்துகொண்டால், அந்தப் பாடம் கைப்பேசி பழையதான பின்னும் உடன் நிற்கும்.