நாய்க்குட்டியின் காதில் உண்ணி

தஞ்சை மாவட்டத்துக் கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தென்னந்தோப்பின் காவலுக்கென்று கொண்டு வந்த நாய்க்குட்டிக்கு இன்னும் இரண்டு மாதம் நிறையவில்லை. அதன் காதுகளிலும் கழுத்திலும் உண்ணிகள் மண்டிக் கிடக்கின்றன. மகன் பிடுங்கப் போனானாம். "நஜீஸ், தொடாதே" என்று மாமியார் தடுத்துவிட்டாராம். தோப்புக் காவலாளி பீடி நெருப்பால் ஒன்றைச் சுட, குட்டியின் காது புண்ணாகிவிட்டது. மண்ணெண்ணெய் தடவலாம் என்கிறார் பக்கத்துத் தோப்புக்காரர். குட்டி இரண்டு நாளாகப் பால் குடிக்காமல் சுருண்டு கிடக்கிறது. "நாய்க்குட்டியைப் பற்றி மதரஸா உஸ்தாதிடம் கேட்பது முறையா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தயக்கம் வேண்டியதில்லை, சகோதரி. ஆனால் பதிலைப் படித்து முடிக்கும்வரை காத்திராமல், குட்டியின் உதட்டை முதலில் விலக்கிப் பாருங்கள். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தால் இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, குட்டியை ஒரு கூடையில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய 80 மில்லிதான். ஒரு தேநீர்க் குவளை அளவு. பத்து இருபது உண்ணிகள் நாள்தோறும் உறிஞ்சினால் என்னவாகும் என்பதை நானா சொல்ல வேண்டும்? வளர்ந்த நாய் தாங்கும், குட்டி தாங்காது. இரண்டு நாள் உணவு மறுத்த குட்டி என்பதால், ஈறு நன்றாக இருந்தாலும் நாளைக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

இனி மாமியாரின் அச்சத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. தோட்டக் காவலுக்கும் கால்நடைக் காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் விலக்களித்துள்ளார்கள். தோப்பில் காவலுக்கு நிற்கும் நாய் அந்த விலக்குக்குள் அடங்குவது. (அழகுக்காக வீட்டுக்குள் வளர்ப்பது வேறு பேச்சு, அதை இன்னொரு மாதத்துக்கு வைத்துக்கொள்வோம்.) ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதுமே கடுமையான நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். கையும் உலர்ந்து நாயும் உலர்ந்திருந்தால் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் நாயின் உமிழ்நீர்தான் நஜீஸ். எந்த மத்ஹபிலும் தொட்டதனால் ஒளு முறிவதில்லை; பட்ட இடத்தைத் தூய்மை செய்தால் போதும். தேவை நேரும்போது தொடுவதற்கு எங்கும் தடை இல்லை. நஜீஸ் என்றால் கழுவ வேண்டியது என்று பொருள். கைவிட வேண்டியது என்று நம் வீடுகளில் எப்படியோ பொருள் மாறிப்போயிற்று.

தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு வந்து கொடுத்தவரின் செய்தி, நம் பிள்ளைகள் எல்லாம் மனப்பாடமாக அறிந்ததே. அந்த மனிதர் நஜீஸைப் பற்றி யோசித்துக்கொண்டு கிணற்றின் மேலே நின்றுவிடவில்லை. அதிகம் பேர் அறியாத இன்னொரு செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள சுக்யா என்னும் இடத்தில், உமர் (ரலி) அவர்கள் இஹ்ராம் நிலையில் தம் ஒட்டகத்தின் உண்ணிகளை எடுத்துச் சேற்றில் போட்டுக்கொண்டிருந்ததை ஒருவர் கண்டு அறிவிக்கிறார். இஹ்ராமில் அவ்வாறு செய்யலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் மாலிக் அவர்களே அதை விரும்பவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உமர் (ரலி) போன்ற ஒருவர் வழிப்பயணத்தில் உட்கார்ந்து, தம் கையாலேயே ஓர் உயிரின் உண்ணியை எடுத்தார் என்பதைத் தங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவன் பிடுங்கப் போனது தவறன்று. எப்படிப் பிடுங்குவது என்பது மட்டுமே அவனுக்குத் தெரியவில்லை.

பீடி நெருப்பைப் பற்றியும் ஒரு சொல். எறும்புப் புற்று ஒன்று எரிக்கப்பட்டிருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உரியது என்ற கருத்தில் கண்டித்ததை அபூதாவூத் நூலில் காண்கிறோம். எறும்புக்கே அந்த நிலை என்றால், உண்ணியைச் சுடுவதாகச் சொல்லிக் குட்டியின் காதைச் சுடுவதை என்னவென்பது! மருத்துவம் சொல்வதும் அதுவே. சூடு பட்ட உண்ணி பிடியை விடுவதற்கு முன்னால், தன் வயிற்றில் உள்ளதையும் உமிழ்நீரையும் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். நோய்க்கிருமிகள் இருப்பது அந்த உமிழ்நீரில்தான். மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில், வாசலின் அனைத்துக்கும் இதே குறை உண்டு. மண்ணெண்ணெயில் கூடுதல் ஆபத்தும் இருக்கிறது. குட்டியின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும், குட்டி அதை நக்கினால் நுரையீரலுக்குள் இறங்கி உயிரையே பறிக்கும்.

உண்ணியின் வாய் ஒரு விந்தையான அமைப்பு. பின்னோக்கி வளைந்த முட்களோடு தோலுக்குள் இறங்கும். போதாததற்கு ஒருவகைப் பசையைச் சுரந்து தன்னைச் சுற்றிப் பூசியும் கொள்ளும். அதனால்தான் வெடுக்கென்று இழுத்தால் உடல் கையோடு வந்து வாய் உள்ளே தங்கிவிடுகிறது. வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணியைப் பார்த்தால் ஆமணக்கு விதை போலவே இருக்கும். ஆமணக்குக்கு அறிவியலார் வைத்துள்ள ரிசினஸ் என்ற பெயரே, இலத்தீனில் உண்ணியைக் குறிக்கும் சொல்தான். நம் கிராமத்தார் கண்ணுக்குத் தோன்றிய உவமை உரோமாபுரியாருக்கும் தோன்றியிருக்கிறது!

உண்ணி எடுக்க வேண்டிய கருவி புருவம் திருத்தும் சாமணம் போதும்; முனை கூர்மையாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அதைக் குட்டிக்கென்றே ஒதுக்கி வைத்துவிடுங்கள். கைக்கு மெல்லிய ரப்பர் உறை அணியுங்கள். இது கிருமியையும் தடுக்கும், மாமியாரின் மனக்குறையையும் தீர்க்கும். ஒரு சிறு புட்டியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில், குட்டி பால் குடித்து அரை உறக்கத்தில் இருக்கும் வேளையே ஏற்றது. ஒருவர் மடியில் பழைய துணியை விரித்துக் குட்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் எடுக்கட்டும். மயிரை விலக்கி, உண்ணியின் தலை தோலோடு சேரும் இடத்தில், தோலை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிச் சாமணத்தால் பற்றுங்கள். வயிற்றுப் பகுதியை அழுத்தவே கூடாது. அழுத்தினால் உள்ளிருப்பது குட்டிக்குள் போகும். பிறகு ஒரே சீராக, நேர் மேலாக, பொறுமையாக இழுங்கள். முறுக்க வேண்டாம், உலுக்க வேண்டாம். சில நொடிகள் தோல் கூடாரம் போல மேலெழும். பிறகு உண்ணி தானே விட்டுவிடும். அதை ஸ்பிரிட்டுக்குள் போடுங்கள். நகத்தால் நசுக்குவதும் கல்லால் தேய்ப்பதும் நம் ஊர்ப் பழக்கம்; அந்த இரத்தம் கை வெடிப்பிலோ கண்ணிலோ பட்டால் மனிதருக்கும் தீங்கு வரக்கூடும். இழுத்த இடத்தில் போவிடோன் அயோடின் மருந்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். வாய் முறிந்து உள்ளே தங்கிவிட்டால் ஊசியால் கிளறாதீர்கள். சில நாளில் தோலே அதை வெளியேற்றிவிடும். வீக்கமும் சீழும் கண்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காது மடலின் உட்புறம், கழுத்து, தாடையின் கீழ், அக்குள், விரல்களின் இடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தவறாமல் தேடுங்கள். காதுத் துளைக்குள் ஆழமாகவும் கண் இமையிலும் இருப்பவற்றை வீட்டில் எடுக்க முனைய வேண்டாம், மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். வயிற்றுப் பக்கம் இன்னொரு எச்சரிக்கை. அங்கே இரு வரிசையாக இருக்கும் சிறு முண்டுகள் குட்டியின் முலைக்காம்புகள். ஆண் குட்டிக்கும் அவை உண்டு. உண்ணியென்று நினைத்து அவற்றைச் சாமணத்தால் இழுத்துக் குட்டியை அலற வைப்பவர்கள் உண்டு. கால்கள் அசைவதைக் கண்ணால் கண்ட பிறகே இழுங்கள்.

மருந்துகளில்தான் பெருந்தவறுகள் நேர்கின்றன. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாங்கிய உண்ணி மருந்து வீட்டில் மீந்திருக்கும். "ஒரு மூடி கலந்து குளிப்பாட்டினால் ஆயிற்று" என்று யாராவது சொல்வார்கள். கேளாதீர்கள். நானூறு கிலோ மாட்டுக்கு அளந்த மருந்து ஒரு கிலோ குட்டிக்கு நஞ்சு. நடுக்கம் எடுத்து, வாயில் நுரை தள்ளிச் சாகும். நாய்க்கென்றே விற்கும் சொட்டு மருந்துகளிலும் மாத்திரைகளிலும் பெரும்பாலானவை எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு ஆகாதவை. எட்டு வாரத்துக்கு மேலும் எடைக்கேற்ற அளவு உண்டு. உறையில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வாங்க வேண்டாம். எடையை அறிந்து மருத்துவர் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு. வேப்பெண்ணெயை நம்புவோரும் பலர். கடித்து ஊன்றிவிட்ட உண்ணியை அது கழற்றாது என்பதே என் கருத்து. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பிட்டுக் குளிப்பாட்டி, பல் நெருங்கிய சீப்பால் வாரினால் ஒட்டாமல் ஊர்பவை உதிரும். குளித்ததும் துணியால் நன்றாகத் துவட்டி வெயிலில் வையுங்கள். இந்த வயதில் உடல் எளிதில் குளிர்ந்து போகும். தாய் நாய் அருகில் இருந்தால் அதற்கும் மருத்துவம் செய்ய வேண்டும். குட்டியின் உண்ணி பெரும்பாலும் தாயிடமிருந்தோ படுக்கும் இடத்திலிருந்தோ வந்ததுதான்.

எடுத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் கண்காணியுங்கள். காய்ச்சல், சோர்வு, மூக்கில் இரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உண்ணி பரப்பும் எர்லிச்சியா, பபீசியா போன்ற நோய்களாக இருக்கலாம். தொடக்கத்தில் மருந்துக்குக் கட்டுப்படும். நாள் கடந்தால் கடினம்.

பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் உடலில் ஒட்டினாலும் எடுக்கும் முறை இதுவே. நாய் உண்ணியால் மனிதருக்கும் ஒருவகை டைஃபஸ் காய்ச்சல் வருவதுண்டு. ஆகவே இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ தடிப்போ கண்டால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். (செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்கிரப் டைஃபஸ் என்னும் வேறு நோயை. அதைப் பரப்புவது புதரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் இளம்பருவம். நாயின் உண்ணி அன்று. பெயர்க் குழப்பத்தால் குட்டியின் மீது பழி போட வேண்டாம்.) உண்ணி எடுக்கும்போது குட்டி கடித்தாலோ நகத்தால் கீறினாலோ அதைச் சிறிதாக எண்ணாதீர்கள். சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குட்டிக்கும் மூன்று மாதம் நிறையும்போது வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

கடைசியாக அது படுக்கும் கொட்டகை. நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி இறங்குகிறது. மீதிக் காலமெல்லாம் சுவர் வெடிப்பிலும் கூரை இடுக்கிலும் சாக்கின் மடிப்பிலும் ஒளிந்திருக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கவும் வல்லது. எனவே பழைய சாக்கை மாற்றி, அடிக்கடி வெந்நீரில் துவைக்கத் தக்க பருத்தித் துணியை விரியுங்கள். சுவர் வெடிப்புகளைச் சிமென்டால் பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். நாய் உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு; தரையை மட்டும் கூட்டிவிட்டு வந்துவிடாமல், காவலாளியை விளக்குடன் கூரைச் சட்டத்தையும் கதவு நிலையின் மேற்புறத்தையும் வாரம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.