ராத்திரியில் உட்கார்ந்துவிடும் வண்டி

கேள்வி: ‘‘மலையில் பூண்டு, கேரட் போடுகிறோம். தோட்டத்துக்கு ஜீப் பாதைதான். மைத்துனர் வைத்திருந்த பழைய வெளிநாட்டு ஃபோர்வீல் வண்டியை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். அதில் ஏர் சஸ்பென்ஷன். ராத்திரி நிறுத்தினால், விடியும்போது முன்பக்க இடது மூலை உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழும்புகிறது. ‘கம்ப்ரசர் போச்சு’ என்று பட்டறையில் ஒரு கறவை மாட்டு விலை சொல்கிறார்கள். நகையை அடகு வைத்து மாற்றலாமா? ஐ.டி.ஐ படிக்கும் என் மகன், ‘அடியில் படுத்துப் பார்த்து நானே சரி செய்கிறேன்’ என்கிறான்.’’

- மேல்மலை வாசகர்

பதில்: முதலில் மகனை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை அந்த மூலையில் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் பைக்குள் இருக்கும் காற்றுதான். அந்தக் காற்று எங்கேயோ கசிகிறது என்பது உங்களுக்கே தெரிகிறது. அது சொல்லிக்கொண்டு இறங்காது.

அடுத்து, நகையை அடகு வைக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்ததும் வண்டி எழும்புகிறது என்றால், கம்ப்ரசர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று கிணற்று மோட்டாரை மாற்றுவாரா யாராவது? கசிவை அடைக்காமல் புது கம்ப்ரசர் போட்டால், அதுவும் ஓயாமல் ஓடிச் சூடாகி வீணாகும்.

சாதாரண ஜீப்பில் இரும்புப் பட்டைகள் செய்யும் வேலையை இதில் காற்றுப் பை செய்கிறது. கம்ப்ரசர் காற்றை அடைக்கும். வால்வு பெட்டி அதை நான்கு மூலைக்கும் பிரித்துவிடும். சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சென்சார், ‘இவ்வளவு உயரம்’ என்று வண்டியின் கணினிக்குச் சொல்லும். இதில் எது கெட்டது என்று கண்டுபிடிக்க ஒரு டேப்பும், சோப்புத் தண்ணீரும் போதும்.

டேப் சோதனை

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிவையுங்கள். பிறகு, சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். எந்த ஃபியூஸ் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். இதை ஏன் கழற்ற வேண்டும் என்றால், சில வண்டிகளில் நிறுத்தி வைத்த பிறகும் கணினி இடையிடையே விழித்து, ஒரு மூலை இறங்கினால் மற்ற மூலைகளையும் இறக்கிச் சமன் செய்யும். அப்போது குற்றவாளி எது என்றே தெரியாது.

காலையில் மறுபடி அளந்து பாருங்கள். அந்த ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால், அதன் பை, அதற்குப் போகும் குழாய், அதன் வால்வு இந்த மூன்றில் ஒன்றில்தான் கசிவு. இறங்கவே இல்லை என்றால், சென்சார் பொய் சொல்லுகிறதா என்று பாருங்கள். சென்சாரோடு சேர்ந்த சிறு கம்பி, ஜீப் பாதையில் கல் பட்டு ஒடிந்திருக்கலாம். சேறு அப்பியிருக்கலாம். கழுவிப் பார்த்தாலே தெரியும்.

சோப்புத் தண்ணீர் சோதனை

ஃபியூஸைத் திரும்பப் போட்டு, வண்டியை அதிக உயரத்துக்கு ஏற்றுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்தால் சக்கரக் குழிக்குள் கை போகும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வெளியிலிருந்தே சேஸிஸ் சட்டத்துக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டுகளைத் தள்ளி நிறுத்துங்கள். அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்துப் பயனில்லை. காற்று போனால் அச்சு இறங்காது, அதற்கு மேலே இருக்கும் பாடிதான் இறங்கும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்காதீர்கள். பாரம் ஏறினால் நொறுங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பியும் கையை விடாதீர்கள். ஸ்டாண்டு வைத்ததும் இன்ஜினை அணைத்து, ஃபியூஸை மறுபடி கழற்றுங்கள். வேலையின் நடுவில் கணினி வண்டியை இறக்காமல் இருக்க இதுதான் வழி.

கைத்தெளிப்பானில் சோப்புத் தண்ணீர் கலந்து தெளியுங்கள். மருந்து அடித்த தெளிப்பான் வேண்டாம். பையின் கீழ்மடிப்பைக் கவனமாகப் பாருங்கள். மடிந்து மடிந்து வெடிப்பு விடுவது அங்கேதான். அடுத்து, பையில் குழாய் சேரும் இடம், பிறகு குழாயின் நீளம், கடைசியாக வால்வு பெட்டி. நுரை எங்கே பொங்குகிறதோ அங்கேதான் கசிவு.

வீட்டில் செய்யக்கூடியது எது?

குழாய் இணைப்பில் கசிந்தால் செலவு மிகக் குறைவு. நைலான் குழாயின் தேய்ந்த நுனியைக் கூரான பிளேடால் நேராக வெட்டி, புது ஓ-ரிங் போட்டுத் திரும்பச் செருகினால் போதும். குழாய் நடுவில் உராய்ந்து ஓட்டையானால், அந்தத் துண்டை வெட்டிவிட்டு, குழாயின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் நியூமேட்டிக் ஜாயின்ட் போடலாம். கைவசம் இருக்கிறதே என்று சொட்டுநீர் குழாய் ஜாயின்ட்டைப் போட்டுவிடாதீர்கள். கார் டயரில் 30, 35 பி.எஸ்.ஐ காற்றுதான் இருக்கும். காற்றுத்தொட்டி உள்ள ஏர் சஸ்பென்ஷனில் 150 பி.எஸ்.ஐ-யும் அதற்கு மேலும் இருக்கும். அதனால் எந்த இணைப்பைக் கழற்றும் முன்பும் பாரம் முழுவதும் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணாடி அணிந்துகொண்டு, மெதுவாகத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும்.

பையே வெடித்திருந்தால், பஞ்சர் ஒட்டுப் போடுவது வீண். ஓயாமல் மடங்கி விரியும் ரப்பரில் ஒட்டு நிற்காது. புதுப் பைதான் போட வேண்டும். இடது பக்கத்துக்கு வயதாகிவிட்டது என்றால் வலதுக்கும் அதே வயதுதான். முடிந்தால் ஜோடியாக மாற்றுங்கள். பையும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வரும் அமைப்பு என்றால், அதைப் பிரிக்கும் வேலையைப் பட்டறைக்கே விடுங்கள். புதுப் பையை வெளியில் வைத்துக் காற்றடித்துப் பார்க்கவும் கூடாது, வெடிக்கும். மாட்டிய பிறகு, பையில் காற்று ஏறுவதற்கு முன்பே முழு பாரத்தையும் அதன்மேல் இறக்கினால், மடிப்பு நசுங்கிக் கிழியும்.

கசிவை அடைத்த பிறகு கம்ப்ரசரைக் கவனியுங்கள். சத்தமே வராவிட்டால், முதலில் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் கம்ப்ரசரோடு சேர்ந்த டிரையரில் இருக்கும். அவை ஊறிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். உங்கள் மலையில் பனியும் மழையும் அதிகம். அந்த ஈரம் வால்வுக்குள் போனால் அடுத்த செலவு தயாராகிவிடும்.

சரியாகும் வரை மூட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டாம். ஒரு மூலை உட்கார்ந்த வண்டி, வளைவில் சொன்ன பேச்சு கேட்காது. டயரும் மட்கார்டில் உரசும். மகனுக்கு ஆர்வம் இருக்கிறது, அதைத் தடுக்காதீர்கள். ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘‘டிராக்டரில் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு இன்ஜினை அணைத்தால், அரை மணி நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது. பெரிய பழுதா?’’

- டெல்டா வாசகர்

பதில்: மேலே சொன்ன அதே கதைதான். அங்கே காற்று, இங்கே எண்ணெய். முதலில் ஹைட்ராலிக் எண்ணெய் அளவையும், வெளியே கசிகிறதா என்பதையும் பாருங்கள். வெளியே கசிவு இல்லாமல், இன்ஜின் ஓடும்போதும் லிஃப்ட் கைகள் தலையாட்டுவதுபோல் இறங்கி ஏறினால், உள்ளே பிஸ்டன் சீல், ஓ-ரிங் அல்லது வால்வு வழியாக எண்ணெய் நழுவுகிறது. நல்ல மெக்கானிக்கிடம் காட்டி அவற்றை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் ரோட்டவேட்டர் கத்தி மாற்றுவதற்கு முன் இன்ஜினை அணைத்து, அடியில் கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்துவிட்டுத்தான் கையை விட வேண்டும். எண்ணெய் தாங்குகிறது என்று நம்பி யாரும் அடியில் குனியக் கூடாது.